பக்கத்து சீட்டின் பிரேக்

மெதுவாக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓட்டுகிறாரே, அதை ஓட்டுவது அவர் இல்லையாம். பக்கத்து சீட்டில், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய வீட்டுக்காரர்தான் காலாலேயே ஓட்டுகிறாராம். அக்கா சும்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு முகம் காட்டுகிறாராம். கடைத்தெருவில் இரண்டு மாதமாக இதே பேச்சு.

பேச்சின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால், பஞ்சர் கடைக்காரர் ஜெராக்ஸ் கடையைக் கைகாட்டினார். ஜெராக்ஸ் கடையம்மா மருந்துக் கடையைக் கைகாட்டினார். மருந்துக் கடைக்காரர், "என் ரெண்டு கண்ணால பார்த்தேங்க" என்று சத்தியமே செய்தார். எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டதும், "பார்த்தவர் வந்து என்கிட்ட சொன்னாரு. அப்ப என் ரெண்டு கண்ணும் திறந்துதானே இருந்துச்சு" என்றார். அதோடு விடாமல், "நெருப்பில்லாம புகையுமா?" என்று வேறு கேட்டார். டயரை வழுக்கவிட்டுக் குறுக்காக ஓட்டுகிற டிரிஃப்ட் காரைப் பொறுத்தவரை தாராளமாகப் புகையும். பின்பக்கம் இரண்டு டயர் இருந்தால் போதும்.

இருந்தாலும் ஊர் முழுப் பொய் சொல்லவில்லை. அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருந்தது. அதை வீட்டுக்காரரின் கால் அமுக்கியதும் உண்மை. அதற்கு மேல் உள்ளதைத்தான் ஊர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மெதுவாக்காவுக்கு வயது நாற்பத்தாறு. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். வீட்டின் முன்னறைதான் ஸ்கூல்: ஒரு மேஜை, போக்குவரத்துச் சின்னங்கள் அச்சடித்த ஒரு படம், பலகைக்கட்டில் ஒன்று. மேஜைக்குப் பின்னால் வீட்டுக்காரர் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவார், போட்டோ ஒட்டுவார், வருகிறவர்களின் பயத்தைக் கேட்டுக்கொள்வார். காரில் உட்காருவது அக்காவின் வேலை. பட்டப்பெயர் அங்கேதான் பிறந்தது. அவர் பாடமே ஒரே வார்த்தை. தெருமுனை வந்தால் "மெதுவா". எதிரே லாரி வந்தால் "மெதுவாஆ". சுவர் வந்தால் "மெ" என்பதோடு நின்றுவிடும். மீதியை பிரேக் சொல்லும்.

பத்தொன்பது வருடமாக அவருடைய இடம் பக்கத்து சீட்டு. அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக், டிரைவரின் பிரேக்கோடு கம்பி போட்டு இணைத்தது. ஸ்டீயரிங்கை யாரோ திருப்புவார்கள், ஆக்சிலேட்டரை யாரோ மிதிப்பார்கள். அக்காவுக்கு வாய்த்தது நிறுத்துகிற உரிமை மட்டும். பழக்கம் முற்றிப்போய், பஸ்ஸில் போனாலும் அவர் வலது கால் தரையை அமுக்கும். வீட்டில் டிவியில் கார் வந்தாலும் அமுக்கும்.

அப்படிப்பட்டவர் டிரிஃப்ட் பக்கம் போனது, திட்டுவதற்காக. அவரிடம் கற்றுக்கொண்ட கண்ணாடிக்கடைக்காரர், ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த மொத்தச் சந்தையின் லாரி மைதானத்தில், ஞாயிறு காலைகளில் ஏதோ கிளப் வைத்துக் காரைக் கன்னாபின்னாவென்று ஓட்டுகிறார் என்று தகவல் வந்தது. இந்தக் கண்ணாடிக்கடைக்காரர் டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை கவிழ்ந்து நாலாவது தடவை தேறியவர். மூன்று தடவையும் 'இன்னும் பழகணும்' என்று முதலில் சொன்னவர் அக்காதான். தன் ஸ்கூல் பெயர் கெடுகிறதே என்று கொதித்துக்கொண்டு போனார். மைதானத்தில் கட்டியிருந்த நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றார். ஒரு பழைய கார் வளைவுக்குள் வேகமாக நுழைந்தது. பின்சக்கரங்கள் வழுக்கின. முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியது. கார் குறுக்காகவே, புகையைப் போர்த்திக்கொண்டு, வளைவு முழுக்கப் போய் அந்தப் பக்கம் நேராக வெளியே வந்தது. பத்தொன்பது வருடமாக எதையெல்லாம் செய்யாதே என்று அவர் சொல்லிக்கொடுத்தாரோ, அத்தனையையும் ஒருவர் ஒரே மூச்சில் செய்து காட்டினார். அக்காவின் வலது கால் சிமென்ட் தரையை அமுக்கு அமுக்கென்று அமுக்கியது. ஐந்தாவது கார் போனபோதுதான் கவனித்தார்: கால் சும்மா இருந்தது. இல்லாத ஒரு ஸ்டீயரிங்கைக் கை இரண்டும் திருப்பிக்கொண்டிருந்தன.

"வாங்க மேடம்! திட்ட வந்தீங்களா?" என்று ஓடி வந்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

"ஆமா. திட்டறது இருக்கட்டும். அந்த ரெண்டாவது வளைவுல ஹேண்ட் பிரேக்கை எப்ப இழுத்த?"

வண்டியை வெளியே தேடவில்லை. ஸ்கூலின் முதல் கார், நாலு கதவு, பின்சக்கரத்தால் ஓடுகிற பழைய மாடல், கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. எத்தனையோ கற்றுக்குட்டிகள் கியரை நறநறவென்று கடித்தும் உயிரோடு இருந்த வண்டி. இதைத் தாங்கியது எதையும் தாங்கும் என்று அக்கா முடிவு கட்டினார். கட்டுகிற வேலை தம்பியுடையது.

தம்பிக்கு நாற்பது வயது. ஜன்னல் கிரில், இரும்பு கேட் செய்கிற வெல்டர். காரைப் பற்றித் தெரியுமா என்றால் தெரியாது. "இரும்புதானேக்கா? கேட் கீல்ல சுத்துது, இது சக்கரத்துல சுத்துது" என்று இறங்கிவிட்டார். முதலில் டிஃபரன்ஷியலைப் பிரித்தார். வளைவில் பின்சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு வேகத்தில் சுற்ற வழிவிடுகிற பல்சக்கரக் கூடு அது. டிரிஃப்டுக்கு அந்த வழி ஆகாது. உள்ளே இருந்த பற்களை மொத்தமாகப் பற்றவைத்து மூடினார்.

"இனிமே ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும். நீயும் மாமாவும் மாதிரி."

"நாங்க எப்படா ஒண்ணா சுத்தினோம்?" என்றார் அக்கா.

"சுத்தவே இல்லையே. அதான் பத்தவைக்கல போல" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார் வீட்டுக்காரர்.

கார் கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்ற உள்ளே குழாய்க் கூண்டு கட்டவேண்டும் என்பது கிளப் விதி. என்ன குழாய், எத்தனை தடிமன், எங்கே பற்றவைப்பு என்றெல்லாம் கண்ணாடிக்கடைக்காரர் தாளில் எழுதிக்கொடுத்தார். தம்பி அதில் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. ஆனால் வெறும் குழாயாக விட அவருக்குக் கை வரவில்லை. பின்சீட்டை எடுத்த இடத்தில், குழாய்களுக்கு நடுவே, வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி ஒரு பூவும் இரண்டு சுருளும் வைத்துவிட்டார். டிக்கிக்குக் கேட் தாழ்ப்பாள். பம்பர் ஏற்கெனவே நாலு இடத்தில் பிளந்திருந்தது. அதைத் துளை போட்டு, பிளாஸ்டிக் நாடாவால் இழுத்துக் கட்டி, தையல் போட்ட நெற்றி மாதிரி ஆக்கினார். பின்னால் மாட்ட, வழுக்கையாய்ப் போன டயர்களைப் பஞ்சர் கடைக்காரர் சந்தோஷமாகத் தள்ளிவிட்டார்.

பக்கத்து சீட்டின் பிரேக் மட்டும் அப்படியே இருந்தது. கழற்றத்தான் தம்பி ஸ்பானரை எடுத்தார். வீட்டுக்காரர் வந்து குறுக்கே நின்றார்.

"அது இருக்கட்டும் மாப்ளே. நான் கூட உட்காரப்போறேன்ல."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மெதுவாக்காவால் காரில் தனியாக இருக்க முடியாது. பத்தொன்பது வருடத்தில் காரில் அவர் தனியாக இருந்ததே இல்லை; எப்போதும் பக்கத்தில் ஒருவர் வியர்த்துக்கொண்டிருப்பார். வண்டியைப் பிரிக்கும் முன்னால், முதல் நாள் மைதானத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது, காலியான சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, அதனிடம் "மெதுவா" என்று சொல்லி, கடைசியில் வண்டியை ஆஃப் செய்துவிட்டார். துணைக்கு ஆள் வேண்டும். கற்றுக்குட்டிகள் ஹெல்மெட் போட்ட ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கிளப்பும் அனுமதித்தது. தம்பியை ஏற்ற முடியாது. கார் கட்டத் தெரிந்த அந்த மனிதருக்குக் காரில் ஏறினாலே குமட்டும், அதுவும் நேர்ரோட்டில். ஆகவே வீட்டுக்காரர்.

இனி பரீட்சை. அடுத்தடுத்த மூன்று வளைவுகளை, சுழன்றுவிடாமல், ஒரே வழுக்கில் கடந்தால் கிளப் ஒரு அட்டை தரும். அட்டை உள்ளவர்கள் மட்டும்தான் சீசனின் கடைசி ஞாயிறு, பொதுமக்கள் முன்னால் வண்டியைக் காட்டி ஓட்டலாம். ஒரு சீசனுக்கு மூன்றே வாய்ப்பு. மார்க் போடுகிறவர், வேறு யார், கண்ணாடிக்கடைக்காரர்.

ஸ்கூலில் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்ததும் கொண்டாட்டம். போக்குவரத்துச் சின்னப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, 'மேடம் – டெஸ்ட்' என்று எழுதி, கீழே மூன்று கட்டம் போட்டார்கள். அக்கா கிழிக்கவில்லை. அவருக்கு அந்த அட்டை வேண்டும். பிறர் ஓட்டுவதை நிறுத்தியே பாதி ஆயுள் போயிற்று. கூட்டம் பார்க்க, தன் கையால் ஒரு வண்டியை ஒருநாளாவது ஓட்டிவிட வேண்டும்.

முதல் வாய்ப்பு. முதல் வளைவு வெண்ணெய். இரண்டாவது வளைவில் நுழைந்ததும் காரின் பின்பக்கம் சட்டென்று வெட்டி, பம்பரமாக ஒரு சுற்று சுற்றி நின்றது.

"வேகம் பத்தல மேடம். ஏன் இவ்ளோ மெதுவா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் ஏழு வருடம் காத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

முதல் கட்டத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி விழுந்தது. தம்பி வீட்டுக்கு வந்து டிஃபரன்ஷியலைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். பற்றவைப்பு பாறை மாதிரி இருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றினார். டயரில் காற்றைக் கூட்டினார், குறைத்தார். இரண்டு ஞாயிறு ஒத்திகை. ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வளைவில் அதே வெட்டு, அதே பம்பரம். இரண்டாவது வளைவு மைதானத்தின் சுற்றுச்சுவரைப் பார்த்துப் போகிற வளைவு. அந்தத் தகவலை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாய்ப்பு நாளன்று காலை, கதவோரம் கூண்டில் ஒரு பற்றவைப்பைச் சரி செய்து, தம்பி அதன்மேல் ரெட் ஆக்சைடு பூசினார். துரு பிடிக்காமல் கேட்டுக்கு அடிப்பார்களே, அந்தச் செங்காவி பெயின்ட். பிரஷ்ஷில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெறும் இரும்பைக் கண்டால் பூசாமல் தாண்டிப்போக ஒரு கேட் வெல்டரால் முடியுமா? பக்கத்து சீட்டின் பிரேக் பெடலில் ரப்பர் எப்போதோ தேய்ந்து விழுந்து, இரும்பு அம்மணமாக நின்றது. மிச்சப் பெயின்டை அதன்மேல் பூசிவிட்டார். கால் மணி நேரம் கழித்து வண்டி கோட்டுக்குப் போனது. முதல் வளைவு வெண்ணெய். இரண்டாவது வளைவு, பம்பரம்.

வண்டி நின்றதும் வீட்டுக்காரர் இறங்கினார். வாய் உலர்ந்திருந்தது. மைதானத்தின் வெளுத்த சிமென்ட் தரையில் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தார். அவர் பின்னாலேயே, வலது காலுக்கு மட்டும், சிவப்பாக அரைப் பாதம் அரைப் பாதமாகத் தடம் விழுந்துகொண்டே போனது.

"ஐயோ மாமா! ரத்தம்!" என்று தம்பி அலறினார். கூட்டம் ஓடி வந்தது. வீட்டுக்காரரை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப்பிடித்து, டயர் அடுக்கின்மேல் உட்காரவைத்து, ஷூவைத் தூக்கிப் பார்த்தார்கள். தம்பி விரலால் தொட்டார். மோந்தார். அவர் முகம் மாறியது.

"இது ரத்தம் இல்ல. என் ரெட் ஆக்சைடு."

பிறகு எல்லோரும் சேர்ந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். பெடலின் நடுவில் ஷூ அடியின் அச்சு அழகாக விழுந்திருந்தது, முத்திரை குத்தின மாதிரி.

"என்னங்க இது?" என்றார் அக்கா.

"நான் அமுக்கல."

"பின்ன?"

"கால் அமுக்குச்சு. சுவர் வருதில்ல!"

வழுக்கிப்போகிற காரில் எதிர்பாராமல் பிரேக் விழுந்தால் சுழலாமல் என்ன செய்யும்? அக்காவின் வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்ததால், தன் பக்கத்துப் பெடல் தானாக இறங்கியது அவருக்குத் தெரியவே இல்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு விளங்கியது இவ்வளவுதான்: பெடல் அவர் காலடியில், அமுக்குவது அவர், ஆகவே ஓட்டுவது அவர். கடைத்தெருப் பேச்சு பிறந்தது அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "மேடம், அடுத்த தடவை அந்த பெடல் இருந்துச்சுன்னா வண்டியைக் கோட்டுக்குள்ளயே விடமாட்டேன். அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. பிரேக்கைக் கூட்டிட்டு வராதீங்க."

இரண்டாவது கட்டத்திலும் சிவப்புப் பெருக்கல். மிச்சம் ஒன்று.

அன்று மத்தியானம் முன்னறையில் அக்கா பலகைக்கட்டிலிலும் வீட்டுக்காரர் மேஜையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தனை வாரமா வண்டியைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினானே என் தம்பி. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எனக்கே தெரிஞ்சாத்தானே சொல்ல? சுவரைப் பார்த்ததும் நான் கண்ணை மூடிட்டில்ல உட்கார்ந்திருந்தேன்." வீட்டுக்காரர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "அதுவும் என் தப்பு இல்ல. டிவியில கார் வந்தா நீ தரையை அமுக்கற. பஸ்ஸுல அமுக்கற. தூக்கத்துல என் முழங்காலை அமுக்கற. இருபது வருஷம் பக்கத்துலயே இருக்கேன். ஒட்டிக்காதா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சரி. பெடலைக் கழட்டிடறோம். நீங்க சும்மா உட்காருங்க. போதும்."

"பெடல் இல்லாம நான் ஏறமாட்டேன்."

"நீங்க இல்லாம எனக்கு ஓட்ட வராது."

"அப்ப ஒண்ணு பண்ணு." பேனாவைக் கீழே வைத்தார். ஊருக்கெல்லாம் லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்த மனிதர் தனக்கென்று இன்றுவரை ஒன்று நிரப்பியதில்லை. அக்கா சொல்லிக்கொடுத்ததில்லை, கேட்டபோதெல்லாம் 'உங்களுக்கு எதுக்குங்க' என்பதோடு சரி. "நான் பெடல் இல்லாம உன் பக்கத்துல உட்கார்றேன். நீ பாஸ் பண்ணா, சீசன் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை அதே வண்டியை நான் ஓட்டணும். அதே மைதானத்துல, ஒரு முழு மணி நேரம். நீ பக்கத்துல உட்காரணும். உனக்கும் பெடல் கிடையாது."

அக்காவின் கால் தரையை அமுக்கியது. "சரிங்க" என்றார்.

மூன்றாவது வாய்ப்புக்கு ஸ்கூல் பிள்ளைகள் பத்துப் பேர் வந்து நாடாவோரம் நின்றார்கள். பிள்ளைகள் என்றால் அதில் மூவருக்கு நரை. தம்பி பெடலைக் கழற்றி, கம்பியை வெட்டி, அது இருந்த இடத்துக்கும் பெயின்ட் அடித்திருந்தார். இந்தத் தடவை முந்தின நாளே. வீட்டுக்காரர் ஹெல்மெட்டை மாட்டி, காலடியில் வெறும் தரையைப் பார்த்தார். ஆழமான கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

கொடி இறங்கியது. முதல் வளைவுக்கு முன்னால் அக்காவின் கை தானாகப் போய் இண்டிகேட்டரைத் தட்டியது. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், விட்டார், மிதித்தார். வழுக்கை டயர்கள் ஊளையிட்டன. பின்னால் கிரில் பூ கடகடத்தது. இரண்டாவது வளைவு. சுவர் பக்கவாட்டு ஜன்னலில் பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் டொம் என்று ஒரு சத்தம். வீட்டுக்காரரின் கால் தரையில் இறங்கிவிட்டது. வழக்கமான வெட்டுக்காக அக்காவின் முதுகு இறுகியது.

வெட்டு வரவில்லை.

கார் போய்க்கொண்டே இருந்தது. இப்போதுதான் அக்காவின் சொந்தக் கால் அரித்தது. ஆக்சிலேட்டரை விட்டு ஒரு சாண் தள்ளிப் பிரேக்குக்குப் போகச் சொல்லி, பத்தொன்பது வருடமும் சேர்ந்து இழுத்தன.

"இருக்கியா?" என்று கண்ணை மூடியபடி கத்தினார் வீட்டுக்காரர்.

"ஓட்டிட்டிருக்கேங்க!" என்று கத்திக்கொண்டே அக்கா காலை இன்னும் ஆழமாக அதே இடத்தில் அமுக்கினார். சுவர் நகர்ந்து பின்னால் போயிற்று. டொம், டொம் என்று தரையை மிதிக்கிற கணவரோடு, இந்தப் பக்கத்து இண்டிகேட்டரை அணைத்து அந்தப் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டு, காரை மறுபக்கம் புரட்டி, மூன்றாவது வளைவையும் குறுக்காகவே தாண்டி, புகைக்குள்ளிருந்து நேராக வெளியே வந்தார். வந்தவர் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, நியூட்ரலில் போட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் அவசரப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். தாளைப் பார்த்தார்.

"இன்னும் பழகணும்" என்றார்.

நாடாவோரம் நின்ற பத்துப் பேரும் "ஓ" என்று கூச்சல் போட்டார்கள்.

"இருங்கப்பா. இதை ஒரு தடவை நான் சொல்லிப் பார்க்கக்கூடாதா? பாஸ் மேடம், பாஸ்! ஆனா இண்டிகேட்டர் போட்டு வழுக்கின ஆளை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன். அதுக்கு மார்க் கூட்டறதா குறைக்கறதான்னு எங்க விதியில இல்ல."

அக்கா சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். வலது கால் மரத்துப்போயிருந்தது.

சீசன் கடைசி ஞாயிறு கூட்டம் நெரிந்தது. புது வாலிபர்களின் பளபளப்பு வண்டிகளுக்கு நடுவே, கதவில் 'எளிதில் கார் பழகலாம்' என்ற எழுத்தும், பின்னால் கற்றுக்குட்டிக்கான சிவப்பு எழுத்துமாக, தையல் போட்ட பம்பரோடு ஒரு கிழட்டுக் கார் நின்றது. பழக்கம் விடாத இண்டிகேட்டரை மின்னவைத்து அது வளைவுக்குள் சாய்ந்தபோது எழுந்த விசில், பளபளப்புகள் எதற்கும் எழவில்லை. அக்கா அன்று மூன்று தடவை ஓட்டினார், மூன்றாவது தடவை கூட்டம் கேட்டதற்காக. தம்பி காரின் பின்கதவைத் திறந்துவைத்து கிரில் பூவைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேர் அதே டிசைனில் தங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கேட்டார்கள். ஸ்கூல் சுவரில் மூன்றாவது கட்டத்தில் பச்சை மையால் ஒரு டிக் இருக்கிறது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஆக, வதந்திக்குப் பதில்: ஓட்டுவது மெதுவாக்காதான். இதைக் கடைத்தெருவில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வீட்டுக்காரரும் மறுக்கிற மாதிரி தெரியவில்லை. "அவர் கால்ல வித்தை இருக்கு" என்று மருந்துக் கடைக்காரர் சொன்னால், தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரிக்கிறார்.

ஆனால் அந்த ஒரு மணி நேரம் இன்னும் வரவில்லை. பேசின ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு தம்பி டிஃபரன்ஷியலைக் கழற்றி வைத்திருந்தார்; அக்காதான் கழற்றச் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை விட்டுவிட்டது. நேற்று நாலாவது ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் டிரைவர் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் பத்து, இரண்டு என்று சரியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை மரியாதையாக ஹாரன் அடித்தார்.

"இதோ, துணியைக் காயப்போட்டுட்டு வந்துடறேங்க!" என்று மாடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

வாளியில் இரண்டே துணி. பதினோரு மணிக்கும் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.